காத்திருக்கும் காலத்தில் ஒரு கைத்தொழில்: வீட்டிலிருந்தே கோபோல் படிக்கலாம்



யாங்கூனிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பலர் எங்கள் ஆலோசனை மேசையில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி இது: "கார்டுல வேலை செய்யத் தடைன்னு போட்டிருக்கு. ஆனா சும்மா உட்கார்ந்தா மண்டை வெடிச்சிடும் போல இருக்கு. ஊர்ல கம்ப்யூட்டர் படிச்சேன். இப்ப என்ன செய்யலாம்?"

2021 பெப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2024 பெப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. இவற்றுக்குப் பிறகு வந்தவர்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். சர்டிபிகேட்டை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்காகவே இந்த இதழில் ஒரு பாடம் தருகிறோம். இதற்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். முடிவில் சட்டம் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. பாடத்தைப் படிக்காவிட்டாலும் அந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

கோபோல் என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் நம்ம ஊர் கோபால் அண்ணன் ஞாபகம் வரும். ஆனால் இது ஒரு கம்ப்யூட்டர் மொழி. வணிகத்துக்கான பொது மொழி என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான் இந்தப் பெயர். 1959-ல் அமெரிக்காவில் கோடசில் என்ற குழு இதை வடிவமைக்கத் தொடங்கியது. கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி அதற்கு முன் உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் என்ற மொழி இதற்கு முக்கிய அடிப்படை.

கணக்கு எழுதுபவரும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதனால் இதில் "இதை அதோடு கூட்டு", "இதை அங்கே நகர்த்து" என்பது போல ஆங்கில வாக்கியங்களாகவே கட்டளைகள் வரும். சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, காப்புறுதி, ஓய்வூதியம் போன்ற காசுக் கணக்கு வேலைகளுக்காகப் பிறந்த மொழி இது.

பழைய மொழிதானே, செத்துப் போயிருக்குமே என்று நினைக்காதீங்க. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டு குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். மாநிலத்தின் உதவித்தொகைக் கணக்கு பல பத்தாண்டு பழைய எந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மொழியின் புதிய தர வரையறை 2023-ல் வெளியானது. அதாவது இன்னும் பராமரிக்கிறார்கள்.

யாங்கூனுக்கு இது புதுசு இல்லை

உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். ரங்கூனில் 1971-ல் பல்கலைக்கழகங்களுக்கான கணினி மையம் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உதவியும் அதற்குக் கிடைத்தது. ஆரம்பகாலக் கணினி முன்னோடிகளில் ஒருவரான ஹாரி ஹஸ்கி 1970களில் ஆலோசகராக அங்கே போய்வந்தார். மையத்தில் வைக்கப்பட்ட பெரிய எந்திரம் ஐசிஎல் 1902எஸ். அது பிரித்தானிய நிறுவனமான ஐசிஎல் செய்தது. அந்த 1900 வரிசை எந்திரங்களில் ஓடிய மொழிகளில் கோபோலும் ஒன்று. அதே நிறுவனத்தின் எந்திரங்கள்தான் அந்தக் காலத்தில் பிரித்தானிய அரசு அலுவலகங்களிலும் இருந்தன.

அப்போது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு எந்திரம் கிடையாது. 80 இடங்கள் கொண்ட அட்டையில் ஓட்டை போட்டு, ஒரு வரிக்கு ஒரு அட்டையாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். எந்திரம் அதை வாங்கி ஓட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் மறுபடியும் அட்டை, மறுபடியும் வரிசை.

அந்த மையம் 1988-ல் கணினி அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1998-ல் யாங்கூன் கணினிக் கல்விப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. ஆனால் அதே காலத்தில்தான் 1988 போராட்டத்துக்குப் பிறகும் 1996 மாணவர் போராட்டத்துக்குப் பிறகும் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. 1996 செப்டம்பரில் வந்த கணினி அறிவியல் வளர்ச்சிச் சட்டம், அரசு குறிப்பிட்ட வகைக் கணினியை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு வரை சிறை என்றது. கம்ப்யூட்டர் வைத்திருப்பதே குற்றமாகக்கூடிய ஊரில் நம்மவர்கள் பான்சோடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் தேடி, கரண்ட் வரும் நேரம் பார்த்துப் படித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? "நான் படிச்சது இங்கே எதுக்கும் உதவாது" என்று பலர் நம்மிடம் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நீங்களோ உங்கள் அப்பா, அத்தையோ அங்கே கற்ற கணக்கு முறைதான் இங்கும் பல அலுவலகங்களின் அடியில் இருக்கிறது. அன்றைக்கு மணிக்கணக்கில் காத்திருந்து கிடைத்த விடை, இன்றைக்கு உங்கள் மடியில் இருக்கும் பழைய லேப்டாப்பில் ஒரு நொடியில் கிடைக்கும்.

என்னென்ன வேண்டும்?

1. ஒரு பழைய லேப்டாப். பத்து வருடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய லேப்டாப்பைச் சரிசெய்து இலவசமாகக் கொடுக்கும் அமைப்புகள் பல ஊர்களில் உள்ளன. எங்கள் மேசையில் கேளுங்கள்.

2. இன்டர்நெட். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். டேட்டா வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு நேஷனல் டேட்டாபேங்க் என்ற திட்டத்தில் உள்ளூர் மையங்கள் வழியாக இலவச சிம் கிடைக்கும். பொது நூலகத்தில் உறுப்பினரானால் அங்குள்ள கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். அங்கே பாடம் வாசிக்கலாம், பயிற்சியை வீட்டில் செய்யலாம்.

3. லினக்ஸ். இது யூனிக்ஸ் வழியில் வந்த இலவச இயங்குதளம். 1991-ல் தொடங்கியது. டெபியன், உபுண்டு என்று பல வகை உண்டு. எதுவும் சரிதான். விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியும் இருக்கிறது. லேப்டாப் இரவல் வாங்கியது என்றால், உரியவரைக் கேட்காமல் அதில் இருப்பதை அழித்துவிடாதீங்க.

4. க்னூகோபோல். இதுதான் நாம் எழுதுவதை எந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தரும் கம்பைலர். முதலில் ஓப்பன்கோபோல் என்ற பெயரில் இருந்தது. முற்றிலும் இலவசம். நாம் எழுதும் கோபோலை முதலில் சி மொழிக்கு மாற்றி, பிறகு லினக்ஸில் உள்ள சி கம்பைலரைக் கொண்டு ஓடும் புரோகிராமாக ஆக்குவது இதன் வழி.

உபுண்டுவில் டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து "சூடோ ஏபிடி இன்ஸ்டால்" என்று அடித்து, இடைவெளி விட்டு க்னூகோபோல் பெயரை அடியுங்கள். ஜி, என், யு மூன்று எழுத்தும் கோபோலும் ஒட்டி, எல்லாம் சின்ன எழுத்தில் வர வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பயப்படாதீங்க, அது அப்படித்தான்.

*கவனிக்கவும்:* இந்தத் தாளில் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பயிற்சித் தாள் எங்கள் முகப்பு மேசையில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடம் 1: முதல் புரோகிராம்

கோபோல் புரோகிராமுக்கு நான்கு பகுதிகள் உண்டு. ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்: புரோகிராமின் பெயர்.
என்விரான்மென்ட் டிவிஷன்: எந்த ஃபைலைத் திறக்கப் போகிறோம் என்ற விவரம்.
டேட்டா டிவிஷன்: எந்த விவரத்துக்கு எத்தனை இடம்.
புரொசீஜர் டிவிஷன்: செய்ய வேண்டிய வேலை.

சின்ன புரோகிராமுக்கு முதலாவதும் கடைசியும் போதும். நானோ என்ற எளிய எடிட்டரில் வணக்கம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, புள்ளி வைத்து, சி-ஓ-பி என்று முடியும் ஒரு ஃபைலைத் திறந்து இந்த ஐந்து வரியை அடியுங்கள்:

ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன்.
புரோகிராம்-ஐடி. வணக்கம்.
புரொசீஜர் டிவிஷன்.
டிஸ்பிளே "வணக்கம் யாங்கூன்".
ஸ்டாப் ரன்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகத்தை மட்டும் நிஜத் தமிழிலேயே அடிக்கலாம், திரையில் தமிழாகவே வரும். கன்ட்ரோலும் ஓவும் சேர்த்து அழுத்தினால் சேமிக்கும். கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் வெளியே வரலாம்.

இனி கம்பைல் செய்ய வேண்டும். கட்டளையின் பெயர் சி-ஓ-பி-சி. அதற்குப் பிறகு ஹைபன் எக்ஸ், பிறகு ஹைபன் ஃப்ரீ, பிறகு ஃபைல் பெயர். எக்ஸ் என்றால் நேரடியாக ஓட்டக்கூடிய புரோகிராமாகக் கொடு என்று பொருள். ஃப்ரீ என்றால் வரியை எந்த இடத்திலும் தொடங்குவேன் என்று பொருள்.

இந்த ஃப்ரீ ஏன்? பழைய முறையில் வரிக்கு வரி இடக் கணக்கு உண்டு. முதல் 6 இடம் வரி எண்ணுக்கு, 7-வது இடம் குறிப்புக் குறிக்கு, 8-லிருந்து 72 வரை புரோகிராமுக்கு. மேலே சொன்ன 80 இட அட்டையிலிருந்து வந்த பழக்கம் அது. வங்கிகளில் உள்ள பழைய புரோகிராம்கள் அப்படித்தான் இருக்கும். பழகும்வரை ஃப்ரீ வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பழைய முறையையும் படியுங்கள்.

பிழை எதுவும் வராவிட்டால் புள்ளி, சாய்வுக்கோடு, புரோகிராம் பெயர் மூன்றையும் ஒட்டி அடித்து என்டர் தட்டுங்கள். திரையில் வணக்கம் வரும்.

வரவில்லையா? இந்த மூன்றைப் பாருங்கள்.

அ) முற்றுப்புள்ளி விட்டுப்போச்சா? கம்பைலர் ஒரு வரி எண்ணைச் சொல்லும். தப்பு பெரும்பாலும் அதற்கு முந்தின வரியில் இருக்கும்.

ஆ) ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறிப்போச்சா? கோபோல் கட்டளைகளை எப்படி அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். யூனிக்ஸ், லினக்ஸில் ஃபைல் பெயர் அப்படி இல்லை. ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஃபைல்.

இ) புள்ளியும் சாய்வுக்கோடும் போட்டீங்களா? நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் லினக்ஸ் தானாகத் தேடாது. "இதே இடத்தில்தான் இருக்கு" என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பாடம் 2: வாரச் செலவுக் கணக்கு

இனி உருப்படியான ஒன்று செய்வோம். வாரச் செலவை ஒரு ஃபைலில் எழுதி, மொத்தம் எவ்வளவு என்று கேட்போம். ஒவ்வொரு வரியிலும் முதல் 10 இடம் பொருளின் பெயருக்கு. சின்னப் பெயர் என்றால் மீதி இடத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த 5 இடம் தொகைக்கு. இப்போதைக்குப் பொருளின் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் பின்னால் வரும்.

அரிசிக்கு 8 பவுண்டு 50 பென்ஸ் என்றால் தொகையை 00850 என்று எழுத வேண்டும். பருப்பு 2.25 என்றால் 00225. பஸ் 4 பவுண்டு என்றால் 00400. புள்ளி போடக் கூடாது.

டேட்டா டிவிஷனில் இந்த வரியின் வடிவத்தை இப்படிச் சொல்கிறோம்:

05 பொருள் பிக் எக்ஸ்(10).
05 தொகை பிக் 9(3)வி99.

பிக் என்பது படம் என்ற பொருளுள்ள சொல்லின் சுருக்கம். எக்ஸ் என்றால் எந்த எழுத்தும் வரலாம். 9 என்றால் எண் மட்டும். வி என்பது "பைசாப் புள்ளி இங்கே இருப்பதாக எடுத்துக்கொள்" என்ற குறி. ஃபைலில் புள்ளிக்கு இடம் கிடையாது, கணக்கில் மட்டும் உண்டு. பொருள், தொகை போன்ற பெயர்களைத் தமிழ்ச் சொல்லாகவே, ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒர்க்கிங்-ஸ்டோரேஜ் என்ற பகுதியில் மொத்தத்துக்கு ஓரிடம் வைக்கிறோம்: பிக் 9(4)வி99, ஆரம்ப மதிப்பு 0.

புரொசீஜர் டிவிஷனில் வேலை இந்த வரிசையில் நடக்கும்: ஃபைலைத் திற. ஒரு வரியைப் படி. வரி தீர்ந்துவிட்டால் "முடிந்தது" என்று குறித்துக்கொள். தீரவில்லை என்றால் தொகையை மொத்தத்தோடு கூட்டு. முடியும்வரை திரும்பச் செய். ஃபைலை மூடு. மொத்தத்தைக் காட்டு. கோபோலில் இவை ஓப்பன், ரீட், ஆட், பெர்ஃபார்ம், க்ளோஸ், டிஸ்பிளே என்ற சொற்கள்.

காட்டுவதற்கு முன் மொத்தத்தை பிக் இசட்இசட்இசட்9.99 என்ற வடிவமுள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். முன்னால் வரும் வீண் பூஜ்யங்கள் மறைந்து, புள்ளியோடு 14.75 என்று திரையில் வரும். கையாலும் கூட்டிப் பாருங்கள்: 8.50, 2.25, 4.00. சரியா?

இங்கே லினக்ஸுக்கென்று ஒரு விஷயம். என்விரான்மென்ட் டிவிஷனில் ஃபைலைச் சொல்லும்போது "லைன் சீக்வென்ஷியல்" என்று போட வேண்டும். வெறும் சீக்வென்ஷியல் என்று போட்டால், நீங்கள் என்டர் தட்டிய இடத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் கோபோல் ஒரு எழுத்தாக எண்ணிவிடும். முதல் வரி சரியாக வரும், இரண்டாவது வரியிலிருந்து ஒவ்வொரு வரியும் மேலும் ஓரிடம் தள்ளிப்போகும். பெரிய எந்திரங்களில் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளத்தில் இருப்பதால் அங்கே இந்தக் குறி தேவைப்படுவதில்லை. அங்கே எழுதிய புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது முதலில் இடறும் கல் இதுதான்.

பாடம் 3: சத்தமில்லாமல் காசு காணாமல் போகும் இடங்கள்

கோபோல் தெரிந்தவருக்கும் கோபோல் வேலை தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

முதலாவது: இடம் பத்தாமை. பிக் 9(3) என்ற இடத்துக்குள் 1250-ஐ நகர்த்தினால் என்ன ஆகும்? மூன்று இடம்தான் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து நிரப்பி 250 என்று வைத்துக்கொள்ளும். ஆயிரம் போய்விட்டது. புரோகிராம் நிற்காது, மணி அடிக்காது, தொடர்ந்து ஓடும். கூட்டல் பெருக்கல் செய்யும் இடங்களில் "ஆன் சைஸ் எர்ரர்" என்று ஒரு வரி சேர்த்தால் இடம் பத்தாதபோது நமக்குச் சொல்லும். அதைச் சேர்க்கும் பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள்.

இரண்டாவது: கழித்தல் குறி. பிக் என்பதற்குப் பிறகு எஸ் போடாவிட்டால் அந்த இடத்தில் கழித்தல் குறி நிற்காது. கடன் 40 என்பது வரவு 40 ஆகிவிடும்.

மூன்றாவது: பெயர். இதைச் செய்து பாருங்கள். பிக் எக்ஸ்(20) என்று ஓரிடம் வைத்து அதில் "யாங்கூன்" என்று தமிழில் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். கடைசி "ன்" காணாமல் போய், அந்த இடத்தில் உடைந்த குறி ஒன்று வரும். ஏன்? நம் கண்ணுக்கு யாங்கூன் நாலைந்து எழுத்து. கம்ப்யூட்டரில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். மொத்தம் 8 குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 இடம், ஆக 24 இடம். வைத்தது 20. பொருளின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னது இதனால்தான்.

இந்த மூன்றாவது விஷயம் உங்கள் வாழ்க்கையோடும் சம்பந்தப்பட்டது. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பெயருக்கு இத்தனை இடம் என்று அளவு வைத்திருப்பார்கள். நீளமான பெயர் பாதியில் நிற்கும். யாங்கூனில் நமக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று இருக்கும். குடும்பப் பெயர் என்ற பழக்கம் அங்கே இல்லை. இங்கே படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கும். இதனால் ஒரே ஆளின் பெயர் ஒரு கடிதத்தில் ஒரு மாதிரியும், கார்டில் வேறு மாதிரியும் வந்துவிடுகிறது. உங்கள் ஏஆர்சி கார்டு, ஹோம் ஆபீஸ் கடிதம், டாக்டர் பதிவு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், பின்னாளில் இரண்டு பெயர் ஏன் என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

சட்டம்: இதைக் கட்டாயம் படியுங்கள்

*படிப்பது வேலை அல்ல.* வீட்டிலோ நூலகத்திலோ உட்கார்ந்து நீங்களே மொழி கற்பதில் தப்பில்லை. ஆனால் உங்களுக்கு வந்த இமிகிரேஷன் பெயில் கடிதத்தில் படிக்கத் தடை என்று ஒரு நிபந்தனை இருந்தால், எந்த வகுப்பில் சேர்வதற்கு முன்பும் சொலிசிட்டரைக் கேளுங்கள்.

*வீட்டில் உட்கார்ந்து செய்வதும் வேலைதான்.* கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் "ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடு, காசை ஊர்ல அம்மா கையில கொடுத்துடறேன்" என்பார். பணம் எந்த நாட்டில், யார் கையில், எந்த வடிவில் வந்தாலும் நீங்கள் செய்தது வேலை. வேலைத் தடை இருக்கும்போது அதைச் செய்தால் உங்கள் வழக்குக்கும் உதவித்தொகைக்கும் கேடு வரலாம். வேண்டாம்.

*சம்பளமில்லாப் பயிற்சி என்ற பெயரில் கம்பெனி வேலை.* "மூணு மாசம் இலவசமா செய், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு வியாபார நிறுவனம் சொன்னால் அதுவும் வேலையாகக் கருதப்படலாம். அறக்கட்டளைக்கோ பொது அமைப்புக்கோ தொண்டு செய்வது வேறு. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு போன்றவற்றை அவர்கள் தரலாம். சந்தேகம் இருந்தால் முதலில் எங்களைக் கேளுங்கள்.

*12 மாதம் கடந்தால்.* உங்கள் தவறு இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராமல் இருந்தால் வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலைக்கும் கிடைக்காது, அரசு பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும்தான். சொந்தத் தொழிலாகச் செய்ய முடியாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*சர்டிபிகேட் கேட்டு ஊருக்கு எழுதாதீங்க.* அவசரப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ பழைய அலுவலகத்துக்கோ கடிதம், மெயில் அனுப்ப வேண்டாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியலாம், வீட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை வரலாம். முதலில் சொலிசிட்டரைக் கேளுங்கள். கையில் இருக்கும் வெளிநாட்டுச் சான்றிதழை இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அமைப்பு யுகே எனிக். அது கட்டணம் வாங்கும். யார் செலவைத் தருவார்கள் என்று எங்களோடு பேசிப் பாருங்கள்.

*இன்டர்வியூவில்.* ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பார்கள். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ கம்ப்யூட்டர் வேலை பார்த்திருந்தால் எந்த வருடம், என்ன வேலை என்று உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

*பெயரை வெளியிடுவது.* நீங்கள் எழுதும் பயிற்சி புரோகிராம்களை இணையத்தில் போட விரும்பினால் சொந்தப் பெயர், படம், ஊர் இல்லாமல் போடுங்கள்.

இதனால் வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கோபோல் மட்டும் தெரிந்தால் போதும், வேலை கதவைத் தட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. "வேலை உறுதி, ஆயிரம் பவுண்டு கட்டு" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கான இடங்கள் குறைவு. அரசு கணினி வேலைகளில் சிலவற்றுக்குப் பாதுகாப்புச் சோதனை உண்டு. அதற்குப் பல வருடம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

ஆனால் லினக்ஸ் கையாளத் தெரிவது, ஃபைலைப் படித்துக் கணக்குப் போடத் தெரிவது, எந்த இடத்தில் காசு தொலையும் என்று பார்க்கத் தெரிவது ஆகிய மூன்றும் எந்த மொழிக்குப் போனாலும் உங்களோடு வரும். அதோடு எஸ்க்யூஎல் என்ற தரவு மொழியையும் சேர்த்துக்கொண்டால், அந்தஸ்து கிடைத்த பிறகு வங்கி, காப்புறுதி நிறுவனங்களில் தொடக்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

மேலே படிக்க விரும்புவோருக்கு இரண்டு இலவச வழிகள். ஓப்பன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட் என்ற அமைப்பின் கோபோல் பாடத்திட்டம் 2020-ல் ஐபிஎம் நிறுவனத்தின் பங்களிப்போடு வெளிவந்தது. ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சியில் நிஜமான பெரிய எந்திரத்தில் தூரத்திலிருந்தே பழகலாம். இரண்டும் ஆங்கிலத்தில்தான். எனவே ஆங்கில வகுப்பை விட்டுவிடாதீங்க.

இந்த வாரப் பயிற்சி

1. முதல் புரோகிராமில் உங்கள் ஊர்த் தெருவின் பெயரைத் தமிழில் வரவழையுங்கள்.
2. ஏழு நாள் செலவை ஃபைலில் எழுதி மொத்தம் பாருங்கள். கையால் கூட்டியதும் அதுவும் ஒன்றாக வர வேண்டும்.
3. மொத்தத்துக்கான இடத்தை வேண்டுமென்றே சின்னதாக்கி, காசு எப்படிக் காணாமல் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.
4. உங்கள் கார்டிலும் கடிதங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நாலாவதை முதலில் செய்தாலும் நல்லது.

தடங்கல் வந்தால் திரையில் வந்த பிழை வாசகத்தை அப்படியே எழுதிக்கொண்டு எங்கள் மேசைக்கு வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருந்தால் இன்னொருவரையும் கூட்டி வாங்க. இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இருவருக்கும் சீக்கிரம் வரும்.

அடுத்த இதழில், சம்பளச் சீட்டு ஒன்றை எப்படிக் கணக்கிடுவது என்று பார்ப்போம். அதுவரை நலமாக இருங்கள்.